வாய்க்குள்ள குஞ்சு வைச்சிருக்கிற பெட்டையை உலுக்காதேங்கோ

ஆபிரிக்காவில இருக்கிற மலாவி ஏரியின்ர மீன் வளர்க்கிற ஆக்கள் நிறத்தைப் பற்றித்தான் கூடக் கதைக்கிறம். நீல டெமசோனி, செம்மஞ்சள் ஸீப்ரா எல்லாம் வடிவுதான். எனக்கு மனம் ஒட்டினது அதுகள் குஞ்சு காக்கிற விதத்தில.

வெள்ளவத்தையில எங்கட வீட்டில நாலடித் தொட்டி. மஞ்சள் லேபிடோக்ரோமிஸ் எண்ட மலாவி மீனில பெட்டை ஒண்டு, சாப்பாடு போட்டாலும் முன்னுக்கு வராமல் கல் இடுக்கிலயே நிண்டது. இதைக் கண்டவுடன நோய் எண்டு மருந்து ஊத்தப் பார்ப்பினம். கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பாருங்கோ. நாடிக்குக் கீழ உப்பியிருக்கும், வாய் சரியாய் மூடாது, இடைக்கிடை எதையோ மெல்லுற மாதிரி தாடை அசையும். வாய்க்குள்ள முட்டைகளைப் புரட்டி, ஒட்சிசன் படவைக்கிற வேலை அது. மூண்டு கிழமை மட்டில ஏறக்குறையப் பட்டினி. நீந்தத் தெரிஞ்ச குஞ்சாய்த்தான் வெளியில விடும்.

எங்கட பெட்டை முட்டையோட இருந்தது 2022 மார்ச் கடைசியில. 31ஆம் திகதி கரண்ட் வெட்டு 13 மணித்தியாலம் எண்டு அறிவிச்சவை. பில்டர் நிண்டால் சூடான தண்ணியில ஒட்சிசன் கெதியாய்க் குறையும். அந்த நாட்களில மீனுகளுக்குச் சாப்பாட்டை நிப்பாட்டி, பற்றரியில ஓடுற காத்துப் பம்பைப் போட்டு வைச்சம். டோர்ச் அடிச்சுப் பார்க்கேக்க மற்ற மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து நிண்டுது. அவள் மட்டும் இடுக்கை விட்டு அசையேல்லை, தாடை ஆட்டுறதும் நிக்கேல்லை. அதுக்குப் பிறகு அந்த மீனில எனக்குத் தனி மரியாதை.

தாயைப் பிடிச்சு, வாயைத் திறந்து குஞ்சை உலுக்கி எடுக்கிறது வழக்கமாய்ப் போச்சு. கன குஞ்சு தப்பும் எண்டது உண்மைதான். ஆனால் பட்டினியால மெலிஞ்ச மீனைக் கையில பிடிச்சு நெரிக்கிறதை என்னால ஏற்க முடியாது. ஆண் துரத்தினால் அமைதியாய் வேற தொட்டிக்கு மாத்துங்கோ. இல்லையெண்டால் சின்னச் சின்ன இடுக்கு வாற மாதிரிக் கல்லை அடுக்கி விடுங்கோ. எங்கட தொட்டியில அப்பிடி ஒளிச்சுத் தப்பினதுகள் இப்ப பெரிய மீன்.

தண்ணியைப் பற்றியும் ஒரு சொல். மலாவி ஏரித் தண்ணி காரத்தன்மையானது, பிஎச் 7.7 முதல் 8.6 வரை. கொழும்புக்குக் களனி கங்கையில இருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களில இருந்தும் வாற பைப் தண்ணி மென்மையானது, சுண்ணாம்பு குறைவு. சுண்ணாம்புக் கல்லோ கழுவின சிப்பித் தூளோ பில்டருக்குள்ள போட்டால் பிஎச் விழாமல் நிக்கும். யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு தானாயே இருக்கு, அங்க வளர்க்கிற ஆக்களுக்கு இந்தக் கரைச்சல் குறைவு. சுண்ணாம்புக்கெண்டு கடற்கரையில முருகைக்கல் பொறுக்கப் போகாதேங்கோ, அது சட்டவிரோதம்.

குஞ்சுக்கு ஸ்பிருலினா எண்ட பாசிச் சாப்பாட்டை நல்லாய்ப் பொடியாக்கிப் போடுங்கோ. இறைச்சிச் சாப்பாடு பாறை இடுக்கில வாழுற இந்த மலாவி மீனுகளுக்கு வயிறு வீங்கப் பண்ணக்கூடும்.

உங்கட பெட்டையள் குஞ்சு விட்டதை நேரில பார்த்திருந்தால் எழுதுங்கோ, பகலிலயா இரவிலயா விட்டதெண்டும் சொல்லுங்கோ.