புதுப்பிப்பு: பெஞ்ச் டிரில் பேரிங் ஹவுசிங் தயார், எண்ட்மில்லில் அலுமினியம் ஒட்டவில்லை

போன மாதம் கேட்டிருந்தேன்: பெஞ்ச் டிரில்லில் உடைந்த பேரிங் ஹவுசிங்குக்கு (பேரிங் உட்காரும் கூடு) பதிலாக வீட்டு சிஎன்சி மில்லில் (கணினி ஓட்டும் வெட்டும் இயந்திரம்) அலுமினியத்தில் ஒன்று வெட்டும்போது, எண்ட்மில்லில் (சுழன்று வெட்டும் கட்டர்) உலோகம் ஒட்டி இரண்டு கட்டர்கள் உடைந்துபோயின, என்ன செய்வது என்று. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், பயனில்லை. "ஒற்றை ஃப்ளூட் (ஒரே வெட்டும் பல் உள்ள கட்டர்) போடுங்கள், ஃபீடை (கட்டர் முன்னேறும் வேகம்) கூட்டுங்கள்" என்ற பதில்தான் கைகொடுத்தது. கணக்குப் போட்டதும் புரிந்தது. நான்கு ஃப்ளூட், 10,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), ஃபீட் நிமிடத்துக்கு 200 மி.மீ. என்றால் ஒரு பல்லுக்கு 0.005 மி.மீ. மட்டுமே. அது வெட்டவில்லை, உரசிச் சூடேற்றியிருக்கிறது. இப்போது 6 மி.மீ. ஒற்றை ஃப்ளூட் கார்பைடு, அதே ஆர்பிஎம், ஃபீட் 500, ஆழம் 0.5 மி.மீ. சீவல்கள் உதிரியாகப் பறந்தன. சீவலை ஊதித் தள்ள காற்றுக்குழாயும் வைத்தேன்.

எதிர்பாராதது: 6202 பேரிங்குக்கான 35 மி.மீ. துளை 34.93தான் வந்தது. வெட்டும்போது அழுத்தத்தில் கட்டர் சற்று வளைந்து கொடுத்திருக்கிறது. அப்புறம் அதே பாதையில் இன்னொரு முறை ஓட்டியதும் 34.97 ஆனது. துளை விரியட்டும் என்று ஹவுசிங்கை 120 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினேன், பேரிங் தானாக இறங்கி உட்கார்ந்தது. ஆறியபின் பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன், சுழல்வதில் இறுக்கமில்லை.