செய்முறைத் தேர்வின் மதிப்பெண் அறிக்கையை எப்படிப் படிப்பது?

மதுரை அண்ணாநகரிலிருந்து எழுதுகிறேன். சென்ற வாரம் பெங்களூருவில் சிஸ்கோ நிறுவனத்தின் உயர்நிலை வலையமைப்புச் சான்றிதழான சிசிஐஇ என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சருக்கான செய்முறைத் தேர்வை எழுதினேன். ஊர் திரும்பி, 48 மணி நேரம் முடிவதற்குள் முடிவும் வந்துவிட்டது. 3 மணி நேர வடிவமைப்புப் பகுதியில் தேறிய நான், 5 மணி நேரச் செயலாக்கப் பகுதியில் தவறிவிட்டேன்.

அறிக்கையில் பிரிவுவாரியான சதவீதம் மட்டுமே இருக்கிறது. எந்தக் கேள்வியில் பிழை என்ற குறிப்பு இல்லை. கேட்ட நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறினால்தான் மதிப்பெண், பாதி வேலைக்குப் பாதி மதிப்பெண் கிடையாது என்பதையும், பிரிவுகளின் மதிப்பு வெவ்வேறு என்பதால் சதவீதங்களைக் கூட்டிப் பார்ப்பதில் பொருளில்லை என்பதையும் அறிவேன். ரூட்டிங் (தரவு செல்லும் வழியை அமைத்தல்) பிரிவில்தான் குழப்பம்: தேர்வறையில் எல்லாத் தளங்களுக்கும் பிங் (இணைப்பு உள்ளதா எனப் பார்க்கும் சோதனை) சென்றது, ஆயினும் அதில்தான் மிகக் குறைந்த சதவீதம்.

வீட்டில் ஈவ்-என்ஜி என்ற வலையமைப்புப் பாவனை மென்பொருளில் பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் நெறிமுறைகளுக்கான பயிற்சிகளை மீண்டும் செய்து, ரவுட்டர்களை மறுதொடக்கம் செய்தும் சோதித்தேன். பிழை எதுவும் சிக்கவில்லை. (ரகசியம் காக்கும் ஒப்பந்தம் இருப்பதால் தேர்வுக் கேள்விகளை இங்கே எழுத இயலாது.)

இதே நிலையிலிருந்து இரண்டாம் முயற்சியில் தேறியவர்கள், பிங் சென்றும் மதிப்பெண் போன காரணத்தை எந்தச் சோதனைமுறையால் கண்டுபிடித்தீர்கள்?