உருவப்படத்தில் இருப்பவரை எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கத் தொடக்ககால எண்ணெய் வண்ண உருவப்படங்கள் பற்றிய என் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓவியர்முன் உட்கார்ந்து தன்னை வரையச் சொல்பவரை ஆங்கிலத்தில் சிட்டர் என்கிறார்கள். 'மாதிரி' என்று எழுத மனம் வரவில்லை. மாதிரிக்கு ஓவியர் கூலி கொடுப்பார். இவரோ ஓவியருக்குக் கொடுப்பவர். ஜான் சிங்கிள்டன் காப்ளி 1768-இல் வரைந்த பால் ரெவியர்தான் என் முதல் எடுத்துக்காட்டு. பாஸ்டன் வெள்ளித் தட்டார். மேல்கோட்டு இல்லை, சட்டைக் கழுத்து திறந்திருக்கிறது. வலக்கை மோவாயில், இடக்கையில் தேநீர்க் கெண்டி. கெண்டியில் இன்னும் பூவேலை ஏறவில்லை. செதுக்கும் உளிகள் மேசைமேல் கிடக்கின்றன. இவரை எந்தச் சொல்லால் குறிப்பது?
– மீ.

அம்மா, 'அமர்வர்' போதுமே. உட்காரும் வேளைக்கு 'அமர்வு' என்பதும் கூடவே கிடைத்துவிடும். காப்ளி மெதுவாக வரைபவர், பல அமர்வுகள் கேட்பார்.
– சு.

சு. தம்பி, எல்லோரும் உட்காரவில்லையே! கில்பர்ட் ஸ்டூவர்ட் 1782-இல் லண்டனில் வரைந்த வில்லியம் கிராண்ட் பனிமேல் சறுக்கிக்கொண்டிருக்கிறார். நம்மிடம் பாட்டுடைத் தலைவன் இருக்கிறான். பாட்டுக்குப் பொருளும் அவனே, புலவருக்குப் பரிசில் தருபவனும் அவனே. காப்ளியிடம் வந்த வணிகர்களின் நிலையும் அதுதான். 'ஓவியத் தலைவர்' என்போம். புறநானூற்றில் 'ஓவத்தன்ன', அதாவது ஓவியம் போன்ற, என்று வருகிறதல்லவா? ஓவம், ஓவியம் இரண்டும் 'ஒவ்வு' என்ற வேரில் பிறந்தவை என்பது என் துணிபு. ஒத்திருப்பதால் ஓவியம்.
– வே.

ஐயா, ஓவியத் தலைவர் என்றால் ஓவியர் சங்கத் தலைவர் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். 'வரைமகன்' எப்படி? வினைத்தொகை, முக்காலமும் அடங்கும்.
– இ.

அகப்பொருள் படித்தவருக்கு வரைமகன் மணமகன்தான். வரைவு என்றால் மணம்; தலைவனை மணக்கத் தூண்டும் வரைவு கடாதலை மறந்துவிட்டீர்களா? வரை என்றால் மலையும்தான்; பெண்பாலில் வரைமகள் என்றால் மலைமகளே வந்து நிற்பாள்.
– வே.

பேசாமல் 'சிட்டர்' என்றே எழுதலாம். படிக்கிற பிள்ளைக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.
– சு.

தமிழில் சிட்டர் என்றால் சான்றோர். குழப்பம் கூடும். வணிகர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காப்ளி 1767-இல் வரைந்த பாஸ்டன் வணிகர் நிக்கோலஸ் பாயில்ஸ்டன் விக் வைக்கவில்லை. மழித்த தலையில் தொப்பி, உடம்பில் தொளதொளவென்று ஒரு பட்டு அங்கி. அதற்குப் பேனியன் என்று பெயர். நம் பனியனும் அதே சொல்தான். மூலம் நம் வாணிகன்!
– வே.

ஐயா, அது குஜராத்தி வாணியோ. போர்ச்சுகீசியர் வழியாகப் போன சொல். 'வாணிஜ' என்ற வடசொல்லையும் பார்க்க வேண்டும். தனி இழையில் பேசுவோம், மீ. அம்மாவுக்கு நாள் நெருங்குகிறது.
– இ.

நன்றி. 'படத்துக்குரியவர்' என்று வைத்துக்கொள்ளட்டுமா?
– மீ.

அது படத்தின் உடைமையாளர் ஆகிவிடும். ஸ்டூவர்ட் 1796-இல் வரைந்த வாஷிங்டன் முகத்தை முடிக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பார்த்து நகல் வரைந்து விற்றார். அந்தப் படத்துக்கு உரியவர் யார்? வாஷிங்டனா, ஸ்டூவர்ட்டா? நீளமானாலும் 'வரையப்படுபவர்' தெளிவு.
– இ.

எனக்கும் சரி.
– சு.

சரி, 'வரையப்படுபவர்', 'அமர்வு' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ரெவியர் பகுதியைத் திருத்தி இன்றிரவே அனுப்புகிறேன்.
– மீ.

எனக்கு உடன்பாடில்லை. வரையப்படுபவர் என்றால் மேசையும் கெண்டியும்போல அவரும் சும்மா இருந்தார் என்றாகிவிடும். பாயில்ஸ்டன் சும்மா இருந்தவரா? ஆள் வைத்து, விலை கொடுத்து, தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஊருக்குச் சொன்னவர். சொல்லடைவிலாவது 'ஓவியத் தலைவர்' என்று ஒரு வரி சேருங்கள் அம்மா.
– வே.