எச்சரிக்கைச் சோர்வா, எச்சரிக்கை மரப்பா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் மானிட்டர்கள் ஓயாமல் ஒலிப்பதால், அங்குப் பணிபுரிவோர் நாளடைவில் அவ்வொலிகளைப் பொருட்படுத்தாமல் போவதை ஆங்கிலத்தில் அலாரம் ஃபட்டீக் என்கிறார்கள். இதற்கான தமிழ்க் கலைச்சொல்லாக 'எச்சரிக்கைச் சோர்வு' என்பது முன்மொழியப்பட்டுள்ளது. ஆங்கிலச் சொல்லுக்கு அது நேரானதுதான். நிகழ்வுக்கு நேரானதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

சோர்வு ஓய்வெடுத்தால் தீரும். இங்கு நடப்பது அதுவன்று. இரத்த அழுத்தம் அளக்கும் பட்டை காற்றேறி இறுகும்போதெல்லாம், அதே கையின் விரலில் மாட்டிய, இரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நாடித்துடிப்பை இழந்து ஒலியெழுப்பும். நோயாளி புரண்டு படுத்தாலும் இதயத்துடிப்பைப் பதிவுசெய்ய மார்பில் ஒட்டிய ஈசிஜி ஒட்டு சற்றே நெகிழ்ந்தாலும் இதே கதைதான். ஒலித்த பல முறையும் ஒன்றுமில்லை என்று கண்ட செவிலியர், நன்றாக உறங்கி எழுந்து பணிக்கு வந்தாலும், அடுத்த ஒலிக்குத் தாமதமாகவே திரும்புவார். அவர் களைத்திருக்கவில்லை, அந்த ஒலி அவருக்கு மரத்துவிட்டது.

ஆகவே 'எச்சரிக்கை மரப்பு' என்று முன்மொழிகிறேன். நெடுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போவதை அறிந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 'இப்பிரிவில் எச்சரிக்கைகள் மரத்துப்போயின' என்று வினையாகவும் எழுதலாம். 'சோர்வு' அப்படி வளைந்துகொடுக்காது. மேலும், சோர்வு நோயாளியின் அறிகுறிகளுள் ஒன்று. ஒரே அறிக்கையில் இரண்டும் வந்தால் யாருடைய சோர்வு என்ற குழப்பம் எழும். மரப்பு என்பதும் மயக்கவியலில் உணர்விழப்பைக் குறிக்கிறதே என்று கேட்கலாம். 'எச்சரிக்கை' என்ற அடை முன்னால் நிற்பதால் அக்குழப்பத்துக்கு இடமில்லை என்றே நினைக்கிறேன். 'ஒலிமரப்பு' என்று சுருக்கவும் எண்ணினேன். அது காது கேளாமையைக் குறிப்பதுபோல் தொனிக்கிறது, மானிட்டரில் மின்னும் விளக்கையும் விட்டுவிடுகிறது.

இதையொட்டி இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பட்டை இறுகியதால் எழுந்த ஒலியைப் 'பொய்யெச்சரிக்கை' எனலாம். ஆனால் ஆக்சிஜன் அளவு கருவியில் குறித்துவைத்த எல்லைக்குக் கீழே சில நொடிகள் உண்மையாகவே இறங்கித் தானே மீளும்போதும் கருவி ஒலிக்கிறது. அது பொய்யன்று; எவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அவ்வளவே. எல்லை அளவுகளை நோயாளிக்கு ஏற்ப மாற்றியமைத்தால் இவ்வகை குறையும், முதல் வகை குறையாது; எனவே இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவது தவறு. இரண்டாவதற்கு 'வினைவேண்டா எச்சரிக்கை' பொருந்துமா என்பதை மருத்துவத் துறையினர் சொல்ல வேண்டுகிறேன்.