ஆர்டிஎஸ் சர்வர்களை ஸாபிக்ஸில் சேர்த்தேன். செஷன் கிராஃப் ரம்பப்பல் மாதிரி வருகிறது, உதவுங்கள்

நூல்கண்டு:
வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் சிஸ்டம் வேலை முழுக்க நான் ஒருவன்தான். ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் (ஆர்டிஎஸ்: பலர் தங்கள் மேசையிலிருந்தே உள்ளே நுழைந்து வேலை செய்யும் பொது சர்வர்) இரண்டு. இரண்டிலும் விண்டோஸ் சர்வர் 2019, தலா 8 கோர். கணக்குப் பிரிவு, மெர்ச்சன்டைசிங், குடோன் என்று முப்பது பேர் அதில்தான் வேலை செய்கிறார்கள்.

காலை பத்தரை ஆனால் குடோனிலிருந்து போன் வந்துவிடும், "டைப் பண்றது ஒண்ணு, திரையில வர்றது அப்புறம்தான்" என்று. போய்ப் பார்த்தால் டாஸ்க் மேனேஜரில் சிபியு 25 சதவீதத்தைத் தாண்டவில்லை, ரேமும் தாராளமாக மீதம் இருக்கிறது. எதையும் கண்ணால் பார்க்காமல் பதில் சொல்ல முடியவில்லை என்பதால், சர்வர்களைக் கண்காணித்துக் கிராஃப் போடும் ஸாபிக்ஸ் மென்பொருளைப் போட்டேன். ஒவ்வொரு சர்வரிலும் இருந்து கணக்கு எடுக்கும் அதன் ஏஜென்ட்டை ஆக்டிவ் முறையில் (ஏஜென்ட் தானே தகவலை அனுப்பும் முறை) வைத்திருக்கிறேன்.

இப்போது சிக்கல் இரண்டாகிவிட்டது. ஆர்டிஎஸ்-1 கிராஃபில் ஆக்டிவ் செஷன்ஸ் (அப்போது உள்ளே இருந்து வேலை செய்பவர்கள் எண்ணிக்கை) 22, 7, 22, 7 என்று ஏறி இறங்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் பதினைந்து பேர் வெளியே போய்த் திரும்பி வர வாய்ப்பே இல்லை. ஆர்டிஎஸ்-2 பக்கம் காலியாகவே இருக்கிறது. அந்த சர்வரில் ஃபயர்வாலை அணைத்தும் பார்த்தேன், மாற்றமில்லை.

கார்முகில்:
முதல் வேலையாக ஃபயர்வாலைத் திரும்பப் போடுங்கள். ஆக்டிவ் முறையில் ஏஜென்ட்தான் ஸாபிக்ஸ் சர்வரின் 10051 போர்ட்டைத் தேடிப் போகும். உள்ளே வருவதற்கு 10050 திறந்திருக்க வேண்டியது, ஸாபிக்ஸ் சர்வரே வந்து கேட்டு வாங்கும் பாஸிவ் முறைக்குத்தான்.

ஒரு கேள்வி. இரண்டாவது சர்வரில் ஏஜென்ட்டை எப்படிப் போட்டீர்கள்? முதல் சர்வரின் கான்ஃபிக் ஃபைலை (ஏஜென்ட்டின் அமைப்பு விவரங்கள் உள்ள ஃபைல்) காப்பி செய்தீர்களா?

நூல்கண்டு:
ஆமாம். முதலாவதில் எல்லாம் சரியாக வந்ததும் அதே ஃபைலை அப்படியே கொண்டுபோய் வைத்தேன்.

கார்முகில்:
அப்படியானால் அதுதான் காரணம். ஃபைலில் ஹோஸ்ட்நேம் என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். இரண்டு ஏஜென்ட்டும் தன்னை ஆர்டிஎஸ்-1 என்றே சொல்லிக்கொண்டு கணக்கு அனுப்புகின்றன. ஆக்டிவ் முறையில் ஸாபிக்ஸ் அந்தப் பெயரை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். 22 ஒரு சர்வரின் எண்ணிக்கை, 7 இன்னொன்றின் எண்ணிக்கை. இரண்டும் ஒரே கிராஃபில் விழுகின்றன. பெயரை மாற்றி ஏஜென்ட் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஸாபிக்ஸில் ஹோஸ்ட்டுக்கு, அதாவது அந்த சர்வருக்கு, வைத்த பெயரும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம்கூடக் கூடாது.

நூல்கண்டு:
ஆர்டிஎஸ்-1 உடனே அமைதியானது. ஆர்டிஎஸ்-2 அப்போதும் வரவில்லை. ஏஜென்ட் லாகை (அதன் பதிவு ஃபைலை) திறந்தால் அந்தப் பெயரில் ஹோஸ்ட் இல்லை என்று இருந்தது. நீங்கள் எச்சரித்தும் சிறிய எழுத்தில் அடித்திருக்கிறேன். திருத்தினேன், இரண்டு நிமிடத்தில் டேட்டா வந்துவிட்டது. மிக்க நன்றி.

ஆனால் இன்றைக்கும் பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. சிபியு, ரேம், டிஸ்க், நெட்வொர்க் என்று எந்தக் கிராஃபிலும் அந்த நேரத்தில் ஒரு அசைவும் இல்லை. குடோன் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். துணி ரோல் எண் நான்கு இலக்கம் அடிக்கிறார், இரண்டு இலக்கம்தான் திரையில் வருகிறது, கொஞ்சம் பொறுத்து மீதி இரண்டும் ஒன்றாக வந்து விழுகின்றன. அவர் சொன்னதில் பொய்யில்லை.

பொன்வண்டு:
தம்பி, பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தீர்களே, அதுதான் சரியான வேலை. 8 கோர் சர்வரில் ஒரு புரோகிராம் ஒரே கோரை முழுதாகப் பிடித்துக்கொண்டாலும் மொத்த சிபியு 12.5 சதவீதம்தான் காட்டும். அந்த ஆளுக்கு மட்டும் திரை உறைந்து நிற்கும். உங்கள் கிராஃபில் ஒன்றும் தெரியாது.

சர்வர் 2019இல் இதற்கென்றே ஒரு கவுன்ட்டர் (விண்டோஸ் தானே எடுக்கும் அளவு) இருக்கிறது: யூசர் இன்புட் டிலே. விசையோ மவுஸோ அழுத்தியது சர்வரின் வரிசையில் வந்து சேர்ந்ததிலிருந்து புரோகிராம் அதை எடுத்துக்கொள்ளும் வரை எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று சொல்லும். சர்வர் 2019இல் அது இயல்பாகவே இயங்கும், ரெஜிஸ்ட்ரியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. செஷன் வாரியாக ஒன்று, புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) வாரியாக ஒன்று என இரண்டு கவுன்ட்டர் கிடைக்கும். செஷன் வாரியானதை ஸாபிக்ஸில் சேருங்கள். புராசஸ் வாரியானதைப் பிரச்சினை வரும் நேரத்தில் பெர்ஃப்மானில் (விண்டோஸோடு வரும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்) நேரடியாகப் பார்த்தால் போதும்.

நூல்கண்டு:
பிடித்துவிட்டேன்! காலை 10:40க்கு மூன்று செஷனில் மட்டும் டிலே 900 மில்லிசெகண்டைத் தாண்டியது. மற்றவர்களுக்கு ஐம்பதுகூட இல்லை. செஷன் எண்ணை வைத்து ஆளைப் பார்த்தால் மூவரும் குடோன். புராசஸ் கவுன்ட்டரில் எக்செல். ஸ்டாக் ஷீட்டில் யாரோ முன்பு எழுதி வைத்த மேக்ரோ, ஒவ்வொரு செல்லை அடித்து முடித்ததும் முழு ஷீட்டையும் மேலிருந்து கீழ்வரை ஓடிப் பார்க்கிறது. லாரி இறங்கும் நேரம் என்பதால் பத்தரைக்கு மேல் மூவரும் ஒன்றாக என்ட்ரி போடுகிறார்கள். சேமிக்கும்போது மட்டும் ஓடுகிற மாதிரி மேக்ரோவை மாற்றினேன். இப்போது அக்கா அடிக்க அடிக்க எண் வருகிறது. டிலே 400ஐத் தாண்டினால் எனக்கு மெயில் வரும்படி ட்ரிக்கரும் வைத்துவிட்டேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இரவு பத்து மணிக்கும் இன்ஆக்டிவ் செஷன்ஸ் 14 காட்டுகிறது. ஆபீஸில் ஆளே இல்லை.

பொன்வண்டு:
சைன் அவுட் செய்யாமல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். செஷன் அப்படியே ரேமைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். எல்லோருக்கும் பொதுவாக விதி வைக்கும் விண்டோஸ் குரூப் பாலிசியில் டிஸ்கனெக்ட் ஆன செஷனுக்கு நேர வரம்பு வைக்கலாம். வைக்கும் முன் கணக்குப் பிரிவில் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். வரம்பு முடிந்து செஷன் மூடும்போது சேமிக்காத வவுச்சர் போய்விடும். மூன்று மணி நேரத்தில் ஆரம்பியுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருபவர்களுக்கு இடைஞ்சல் இருக்காது.