கேம் கன்சோல் கம்பெனிக்காரர்களோடு பழகிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

கேஎல் ஸ்டூடியோக்காரன்:
நானே தொடங்கி வைக்கிறேன். எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோலாலம்பூரில் நடக்கும் லெவல் அப் கேஎல் என்ற கேம் துறை நிகழ்ச்சியில்தான் அந்தக் கம்பெனி அம்மாவைச் சந்தித்தேன். வெளி ஸ்டூடியோக்களோடு தொடர்பு வைத்துக்கொள்வதுதான் அவருக்கு வேலையே. எங்கள் கேமை இரண்டு நிமிடம் ஆடியிருப்பார், அவ்வளவுதான். அப்புறம் எல்லாம் விசாரணை: எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள், சம்பளம் போட எத்தனை மாதத்துக்குக் காசு இருக்கிறது, வெளியிட்ட பிறகு அப்டேட் யார் போடுவார்கள்? பெண் கொடுக்கும் வீட்டுக்காரர்கள்கூட இப்படித் துருவ மாட்டார்கள். இந்தப் பையன்கள் முடிப்பார்களா என்பதுதான் அவருடைய கவலை. அது நியாயமும்கூட.

பிறகு டெவ் கிட் வந்தது, அதாவது கேம் செய்பவர்களுக்குக் கம்பெனி தரும் தனிக் கன்சோல். கடனாகத்தான். யாரிடம் இருக்கிறது, எந்த முகவரியில் இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடலாம் என்ற ஆசையே வேண்டாம்.

பினாங்கு டெஸ்டர்:
அண்ணே, கிட் வந்த பிறகு நடக்கிற கதையை நான் சொல்கிறேன். கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு கேமும் கம்பெனியின் சோதனையைத் தாண்ட வேண்டும். சோனியில் அதை டிஆர்சி என்பார்கள், நிண்டெண்டோவில் லாட்செக். கேம் ஜாலியாக இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஆட்டத்தின் நடுவில் கன்ட்ரோலரின் தொடர்பு அறுந்தால் கேம் தானாக நின்று செய்தி காட்டுகிறதா, பட்டன்களுக்குக் கம்பெனி வைத்த பெயர்தான் திரையில் வருகிறதா, இப்படித்தான் போகும். தொடர்பு ஆள் நல்லவராக இருந்தால், சமர்ப்பிக்கும் முன்பே இதில் எது உதைக்கும் என்று காதில் போட்டுவிடுவார்.

பழைய கை, பிரிக்ஃபீல்ட்ஸ்:
இன்றைக்குக் கன்சோல் கம்பெனிக்காரர்களே தேடி வருகிறார்கள். 80களில் நிண்டெண்டோ வைத்ததுதான் சட்டம். அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஆண்டுக்கு 5 கேம்தான் வெளியிடலாம், கேம் பதிந்த கார்ட்ரிட்ஜையும் நிண்டெண்டோவிடமே காசு கட்டி அடிக்க வேண்டும். 1994இல் சோனி பிளேஸ்டேஷனோடு வந்தபோது சிடி அடிக்கும் செலவு குறைவு, உரிமத் தொகையும் குறைவு. பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில், இண்டி கேம்களுக்கென்று ஒதுக்கிய தனிப் பகுதியை விட்டால், சின்ன ஸ்டூடியோ தனியாக வெளியிட முடியாது, நடுவில் ஒரு பதிப்பாளர் வேண்டும். அப்டேட்டுக்குத் தனிக் கட்டணம் வேறு. 2013இல் ஐடி அட் எக்ஸ்பாக்ஸ் என்ற திட்டம் வந்து, தானே வெளியிடலாம், 2 டெவ் கிட் இலவசம் என்றானது. அதே ஆண்டு சோனியும் இ3 கேம் கண்காட்சி மேடையில் இண்டி ஆட்களை, அதாவது சின்னத் தனி ஸ்டூடியோக்காரர்களை, ஏற்றியது. போட்டி இருந்ததால் வந்த மரியாதை இது, பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். சோனி இங்கே கேஎல்லிலேயே ஸ்டூடியோ வைத்திருக்கிறதே, ஊருக்கு மதிப்பு வந்துவிட்டது.

கேஎல் ஸ்டூடியோக்காரன்:
மரியாதை சரி அண்ணே. ஆனால் அந்த அம்மா வேலை மாறிவிட்டார். இப்போது இருப்பவருக்கு எங்கள் கேம் என்னவென்றே தெரியவில்லை, மெயிலுக்கும் பதில் இல்லை. வெளியீட்டுத் தேதி தொங்குகிறது.

பினாங்கு டெஸ்டர்:
இங்கே அடிக்கடி நடக்கிறது. பழையவரிடமே கேட்டு, உள்ளே இருக்கிற இன்னொருவருக்கு அறிமுக மெயில் போடச் சொல்லுங்கள். கேம் ஓடுகிற சின்ன வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த லெவல் அப்பில் ஒருவரோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பேரோடு பேசி வையுங்கள்.