அம்மாவின் நீண்ட விமானப் பயணம்: கால் வீக்கத்துக்கு யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பல மாதம் எங்களோடு இருந்த அம்மா அடுத்த வாரம் ஊர் திரும்புகிறார். 14 மணி நேரம், தனியாக. வரும்போதே கால் வீங்கி, செருப்புக்குள் பாதம் நுழையவில்லை. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுமாம், அதுதான் பயம். டாக்டர் பார்த்துவிட்டார், போகலாம், முழங்கால் வரை அழுத்தக் காலுறை போடுங்கள் என்றார். வீல்சேருக்கும் நடைபாதை ஓர இருக்கைக்கும் சொல்லியாச்சு.

ஆனால் அந்தக் காலுறையை அம்மாவால் தானாக இழுத்துப் போட முடியவில்லை. வீட்டிலேயே நான் போட்டுவிட்டால், இறங்கும்வரை கழற்றாமல் இருந்தவர்கள் உண்டா? கழிப்பறைக்குப் போகத் தயங்கித் தண்ணீரே குடிக்க மாட்டார். அவ்வப்போது எழுப்பி நடக்கவைக்கப் பணிப்பெண்களிடம் கேட்டால் செய்வார்களா? பெற்றோரை இப்படித் தனியாக அனுப்பியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.